நான் வாசிக்காத பெயர்

மாதா கோவில் தெரு,
அக்டோபர் 6

அன்பு மகள் ஜூலியட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவரின் சமாதானம் உன்னோடும் மாப்பிள்ளையோடும் இருக்கட்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் என்னோடு பேசுவதில்லை. வேளைக்குச் சோறு வைக்கிறாள், என் முழங்காலுக்குத் தைலம் எடுத்து வைக்கிறாள், பேச்சு மட்டும் கிடையாது. நீயும் இருபத்து மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. எனக்கு இருப்பதே இரண்டு பெண்கள், இரண்டு பேரும் என்னைத் தள்ளி வைத்துவிட்டீர்கள். தப்பு உங்கள் பேரில் இல்லை.

மாப்பிள்ளை மட்டும் வாரம் ஒருமுறை "நல்லா இருக்கா மாமா" என்று ஒரு வரி அனுப்புகிறார். ரெமிஜியஸ் பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத பிள்ளை. அதனால் அந்த வரியை நாங்கள் நம்புவதில்லை.

தஞ்சாவூரில் கூரியர்காரர் பத்து நாளில் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார். வர வேண்டும். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். இந்த வருஷம் நம் கோவில் பங்கில் இறந்தவர்களின் பெயர்களை அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் வாசிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். வாசிப்பவன் நான்தான். உன் பிள்ளையின் பெயரை என்னவென்று வாசிக்கப் போகிறேன் என்பது அதற்குள் நமக்குள் தீர வேண்டும். பங்குச் சாமியார் முன்னால் தீர்ந்துவிட்டது. உன் முன்னால் தீரவில்லை.

இங்கே குறுவை அறுத்தாயிற்று. நம் ஒன்றரை ஏக்கரும் மிஷின் வைத்து ஒரே நாளில் முடிந்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி எட்டு நாளாகிறது. சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, மழை மட்டும் சொன்ன நேரத்துக்கு வருகிறது. பக்கத்து வயல் மருதையன் தன் தார்ப்பாயை எடுத்து நம் குவியலுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார். ஈரப்பதம் கூடிவிட்டது என்று தள்ளிவிடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம். எனக்கு அந்தப் பயம்கூட இந்த வருஷம் சரியாக வரவில்லை. நெல் நனைந்தால் நனையட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதுவது சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். நாற்பது வருஷமாக உபதேசியாராக இருப்பவன், ஊரில் எல்லாருக்கும் பாவசங்கீர்த்தனத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முறையைச் சொல்லிக்கொடுத்தவன், தன் முறை வந்ததும் நெல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகிறான் பார்.

முதல் குற்றம். உனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஒரு நாள் போனில், "அப்பா, நாங்க ஒரு பேரு யோசிச்சிருக்கோம்" என்று ஆரம்பித்தாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. பிள்ளை பிறந்து முகம் பார்க்கிற வரைக்கும் வாயில் பெயர் வரக்கூடாது, உங்களுக்குள்ளேகூடப் பேசிக்கொள்ளாதீர்கள் என்று அதட்டினேன். நம் வீட்டு வழக்கம் அது. வேதத்தில் இல்லை, திருச்சபை சொல்லவில்லை. ஆனாலும் பிரசங்கம் மாதிரி கண்டிப்பாகச் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு அதைக் கேட்டீர்கள்.

அதன் பலனை மாப்பிள்ளை அனுபவித்தார். மூன்று மாதம் முன்கூட்டியே பிறந்துவிட்டது, நீ இன்னும் மயக்கத்தில் இருக்கிறாய். அந்த மெக்சிகோக்கார நர்ஸ் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, இது நிற்காது, நீங்கள் கத்தோலிக்கர்களா, ஞானஸ்நானம் கொடுத்துவிடட்டுமா, என்ன பெயர் என்று கேட்டாராம். மாப்பிள்ளைக்கு வாய் திறக்கவில்லை. "பேரு சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே மாமா, அதான் மண்டைக்குள்ள ஓடுச்சு" என்று என்னிடம் அழுதார். நர்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தன் தாயின் பெயரையே சொல்லித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நம் ஊர் மாதாவின் பெயரும் இதுதான் என்றாராம். அவரும் இப்போது உங்கள் ஊரில் குடியிருப்பவராயிற்றே.

செய்தி கேட்டதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணுக்காக முழங்காலிட்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் போனில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். தனிமை என்று வந்தது. உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "யாராச்சும் பிள்ளைக்குத் தனிமைன்னு பேர் வைப்பாங்களா மாப்பிள்ளை?" என்றேன். நீ பக்கத்தில் படுத்திருந்ததும், போன் சத்தமாகப் போட்டிருந்ததும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்பது ஒரு சமாதானமா? நினைத்ததுதானே வாயில் வந்தது.

இதில் எனக்கே விளங்காத ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷமாக அந்தப் பெயரை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உங்கள் கல்யாண நாள் பூசைக்கு, "அமெரிக்காவில் சோலிடாட் நகரில் வசிக்கும்" என்று ஒரு இழுப்பு இழுத்து வாசித்தேன். மற்றவர்கள் மகன் துபாய், மகள் சிங்கப்பூர் என்பார்கள். நம் ஊரில் சோலிடாட் என்று சொல்ல என்னைத் தவிர ஆள் கிடையாது. டீக்கடையில் நல்லக்கண்ணு, அது எந்தப் பக்கம் என்று கேட்டால், கலிபோர்னியாவில், கீரையும் திராட்சையும் விளைகிற ஊர், மாப்பிள்ளைதான் அங்கே தண்ணீர் பாய்ச்சும் கம்பெனியில் இன்ஜினியர் என்று ஒரு மூச்சில் சொல்லுவேன். ஒரு நாளாவது அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேனா? ஊருக்கு இருந்தவரை எனக்கு அது பெருமை. பிள்ளைக்கு வந்ததும் அர்த்தம் தேடினேன்.

இரண்டாவது குற்றம் உனக்குத் தெரியும், நீயே கண்ணால் பார்த்தாய். ஆனாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் சம்பந்தியம்மா திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்திருந்தார். முதல் பேத்திக்குத் தன் பெயர் வரும் என்று காத்திருந்தவர். "அந்தப் பேரு வாயிலயே நுழையலங்க, கோயில்லயாவது நம்ம பேரா வாசிங்களேன்" என்று கேட்டார். அவர் கேட்டதால் செய்தேன் என்று மூன்று நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அவர் கேட்காவிட்டாலும் நான் அந்தப் பெயரை வாசித்திருக்க மாட்டேன். முன்வரிசையில் இருப்பவர்கள் அர்த்தம் கேட்பார்கள், என் பேத்தியின் பெயர் தனிமை என்று சொல்ல வேண்டிவரும் என்று வெட்கப்பட்டேன். சம்பந்தியம்மாவின் பெயரை எடுத்து, "குழந்தை ஜெசிந்தா மேரிக்காக" என்று கணீரென்று வாசித்தேன். கோவில் முழுக்க அந்தப் பெயருக்காக மன்றாடியது. நம் பங்குப் பூசையை யூடியூபில் போடுகிறார்கள் என்பதும், நீ அதற்காக அங்கே உட்கார்ந்திருப்பாய் என்பதும் எனக்கு மறந்தே போயிற்று.

பத்து நிமிஷத்தில் உன் செய்தி வந்தது. "நான் அவள ரெண்டு மணி நேரம் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன்ப்பா." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதற்கப்புறம் நீ எனக்கு எதுவும் எழுதவில்லை.

அந்த வரியை அம்மாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவனுக்குத்தான் பேரே இல்ல. இவளுக்கு இருந்ததையும் எடுத்துட்டீங்க" என்றாள். என்னோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவன் யார் என்று நீ கேட்பாய். உனக்குச் சொன்னதில்லை. உனக்கு ஆறு வருஷம் முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அப்போது நான் புது உபதேசியார், மிடுக்கு அதிகம். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். நான் அதைப் பெண்களிடம் சொல்லவில்லை. ஜெபம் தப்பாகச் சொல்லி வைப்பீர்கள், என்னையோ சாமியாரையோ கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஐப்பசி மழை. நான் குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது. உன் அம்மா பக்கத்தில் செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு, எனக்கு ஆள் அனுப்பிவிட்டு, நான் வருவேன் என்று காத்திருந்திருக்கிறாள். எனக்குப் பயந்து அவள் கையை நனைக்கவில்லை. நான் ஆற்றைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மணி அடிக்க மாட்டார்கள், கல்லறைத் தோட்டத்துக்குள் விட மாட்டார்கள், பதிவேட்டில் எழுத மாட்டார்கள். வேலிக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில் நானே தோண்டி வைத்தேன். கடவுளுடைய இரக்கம் அந்தப் பிள்ளைகளையும் கைவிடாது என்று இப்போது திருச்சபை சொல்கிறது. நானும் மறைக்கல்வி வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் உன் அம்மாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அன்றைய தினத்தைப் பற்றிப் பேச வேண்டிவருமே. அவனுக்கு அவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்க எனக்குத் தைரியமில்லை.

உன் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கை இருந்தது. என் மகனுக்குக் கிடைக்காதது அது. அதைக் கொடுத்த பெண்ணைத்தான் நான் குறை பேசினேன்.

அம்மா பேச்சை நிறுத்தி நாலாம் நாள், சிஸ்டர் மார்சலினைப் பார்க்கப் போனேன். மெக்சிகோவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது பூண்டிக்குப் பக்கத்து மடத்தில் ஓய்வாக இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல், காது மந்தம். துண்டுச் சீட்டில் பெயரை எழுதி நீட்டினேன். பார்த்ததும் சிரித்தார். "எனக்கு ரொட்டி விக்கிறவ பேரு இது. ஒரு ரொட்டி வாங்கப் போனா ஊர்க்கதை முழுக்கச் சொல்லி அனுப்புவா" என்றார். அங்கே இந்தப் பெயரில் தெருவுக்கு ஒருத்தி இருப்பாளாம். கட்டித் தழுவும்போது சோலே என்று சுருக்கிக் கூப்பிடுவார்களாம்.

உங்கள் ஊர் பற்றியும் சொன்னார். இருநூறு வருஷத்துக்கும் முன்னால் ஸ்பெயின் நாட்டுக் குருக்கள் அங்கே ஒரு கோவில் கட்டி, தனிமையின் மாதாவுக்கு ஒப்புக்கொடுத்தார்களாம். கோவிலின் பெயர் ஊருக்கு வந்துவிட்டது. எந்தத் தனிமை என்று கேட்டேன். சிஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உபதேசியாரே, பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகனை அடக்கம் பண்ணிட்டு அந்த அம்மா வீட்டுக்கு எப்படிப் போயிருப்பாங்க?" என்றார். "வெள்ளி சாயங்காலத்துலேருந்து ஞாயித்துக்கிழமை விடியற வரைக்கும் இருந்தாங்களே, அந்தத் தனிமை."

நாற்பது வருஷம் பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பாடுகளின் வரலாறு வாசித்திருக்கிறேன். கல்லைப் புரட்டி வைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். அந்தத் தாய் எந்த வழியாக வீட்டுக்கு நடந்தாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு காரில் ஏறிய உன்னை நினைத்தேன். சிஸ்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன், ஜூலி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குக் கேட்கவில்லை என்பது மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, "உங்க ஊர்ல வியாகுலம்னு யாருக்கும் பேர் இல்லையா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வியாகுலம் என்றால் துக்கம். தஞ்சாவூரிலேயே வியாகுல மாதாவுக்குக் கோவில் இருக்கிறது. அது போகட்டும், என் கூடப் பிறந்த அக்காள் யார்? உன் அத்தை வியாகுலமேரி! அவள் சிரித்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அறுபத்தைந்து வருஷமாக அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், துக்கமே, இங்கே வா என்று கூப்பிடுவதாக ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

நேராக அவள் வீட்டுக்குத்தான் போனேன். உன் பேருக்கு அர்த்தம் தெரிந்து உனக்கு எப்போதாவது மனசு சங்கடப்பட்டதா என்று கேட்டேன். "பேருக்கு எவன்டா அர்த்தம் பார்த்தான்? கூப்பிட்டா திரும்புறேன், அதுக்குத்தானே பேரு" என்றாள். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பெத்தவ கூப்பிட்ட பேர மாத்த நீ யாருடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். டீ கூடப் போட்டுத் தரவில்லை.

மறுநாள் திருக்காட்டுப்பள்ளி போய்ச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன், கல்லறைத் திருநாளில் ஞானஸ்நானப் பெயரைத்தான் வாசிப்பேன் என்று. "புள்ள மொகத்தத்தான் பார்க்கல, பேராவது என்னுதா இருக்கட்டும்னு ஆசப்பட்டேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவர் பேரில் கோபம் வைக்காதே. அவர் இழந்ததும் பேத்தியைத்தான்.

சாமியாரிடமும் சொன்னேன். முப்பதாம் நாள் தவறான பெயரை வாசித்துவிட்டேன் என்று வரும் ஞாயிறு பூசை முடிவில் நானே அறிவிக்கப் போகிறேன். அர்த்தம் கேட்பவர்களுக்கு அர்த்தமும் சொல்லுவேன். கல்லறைத் திருநாள் பட்டியலை எழுதி வைத்துவிட்டேன், இந்த வருஷம் பத்தொன்பது பேர். உன் மகளின் பெயரை எழுதியபோது அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை.

ஜூலி, உன்னிடம் நான் கேட்காமல் விட்டது ஒன்றிரண்டு இல்லை. தலைமுடி இருந்ததா, யார் ஜாடை, கை எவ்வளவு பெரிதாக இருந்தது, நீ கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தாளா? ஒரு தாத்தா முதலில் கேட்க வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு நான் அகராதி பார்த்தேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வருகிறது, ஆனால் உடனே மன்னித்துவிடாதே. உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது போதும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர். அன்றைக்கு வாய் திறக்காததற்காக அவர் தன்னை நொந்துகொள்ள வேண்டாம், அந்த வாயைக் கட்டியவன் நான் என்று சொல். அந்த நர்ஸைப் பார்த்தால் எங்கள் இரண்டு பேர் சார்பிலும் கையெடுத்துக் கும்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன்.

ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். மாப்பிள்ளை சோலிடாட் என்கிறார். சிஸ்டர் சொலெதாத் என்று கடைசி எழுத்தைப் பாதி முழுங்கிச் சொல்கிறார். அந்த நர்ஸ் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நீ அந்த இரண்டு மணி நேரம் எப்படிக் கூப்பிட்டாய் என்பதும் தெரியாது. நான் அப்படித்தான் வாசிக்க வேண்டும். நவம்பர் இரண்டுக்குள் ஒரு நாள் போன் செய். என்னோடு வேறு எதுவும் பேச வேண்டாம், எப்படி இருக்கிறாய் என்றுகூட நான் கேட்க மாட்டேன். ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். நீ அவளைக் கூப்பிட்ட மாதிரியே ஒரு தடவை கூப்பிடு. நான் திருப்பிச் சொல்கிறேன். சரியாக வருகிற வரைக்கும் சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
லூர்துராஜ்